பூனைக் கதவுக்குள் ஓர் அந்தாதி

“எங்கள் வீட்டுக் கதவில் பொருத்திய சின்னப் பூனைக் கதவு, எங்கள் பூனை வந்தால் திறக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை முட்டினால் திறப்பதில்லை. பூனையின் தோலுக்கு அடியில் இருக்கும் அடையாளச் சில்லில் பேட்டரியே கிடையாது என்கிறார் கால்நடை மருத்துவர். பிறகு அது எப்படிக் கதவிடம் பேசுகிறது? அது போகட்டும், இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் அந்தப் பக்கத்து வீட்டுப் பூனை அவ்வப்போது எங்கள் சமையலறையில் வந்து நிற்கிறதே, அது எப்படி?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது.

சில்லு என்று நாம் சொல்வது 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு ஃபெரைட் குச்சி, அதன்மேல் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு மின்தேக்கி, ஓர் எண்ணைச் சுமக்கும் சிலிக்கான் துணுக்கு. அவ்வளவுதான். கதவின் நுழைவழியைச் சுற்றியும் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 1,34,200 முறை முன்னும் பின்னும் அலையும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் பூனை தலையை நீட்டியதும் குப்பியிலுள்ள சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்து, பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அதே மின்காந்தத் தூண்டல்தான். ஒரு மின்மாற்றியை இரண்டாகப் பிரித்து, ஒரு சுருளைக் கதவிலும் மற்றதைப் பூனையிலும் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டால் போதும். இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: நீர் நிறைந்த உடலுக்குள் அந்தப் புலம் ஏறக்குறைய தேயாமல் போய்விடும்.

மின்சாரம் கிடைத்துவிட்டது, சரி, பேச்சு? சில்லு எதையும் ஒலிபரப்புவதில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை நீங்கள் ஆட்டிவிடுகிறீர்கள். குழந்தை காலைத் தரையில் லேசாகத் தேய்க்கிறது. ஒரு சொல் பேசாமலே உங்கள் கைக்கு அது தெரிந்துவிடுகிறது. சில்லும் அதையேதான் செய்கிறது. தன் சுருளின் இரு முனைகளையும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டரால் சற்றே இணைக்கிறது, விடுகிறது, மறுபடியும் இணைக்கிறது. இணைக்கும்போது புலத்திலிருந்து கூடுதலாக ஆற்றலை உறிஞ்சுகிறது. கதவின் சுருளில் மின்னழுத்தம் இம்மியளவு தாழ்கிறது. அந்த இம்மிதான் செய்தி.

இதைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று ஒருமுறை பழைய பிஸ்கட் டின்மேல் கம்பி சுற்றி உட்கார்ந்தேன். ஒரு மாலை முழுவதும் அலைக்காட்டியில் ஒன்றுமே தெரியவில்லை. டின்னின் தகரம் புலத்தைச் சுழல் மின்னோட்டங்களாக மாற்றி விழுங்கிக்கொண்டிருந்தது என்பது உறைக்க அவ்வளவு நேரம் ஆனது. (உலோகக் கதவில் இந்தக் கருவியைப் பொருத்துபவர்கள் தவிப்பதும் இதனால்தான்.) மறுநாள் பிளாஸ்டிக் டப்பாவில் சுற்றினேன். குப்பியைச் சுருளின் அச்சுக்கு இணையாகப் பிடித்ததும், அலையின் முகடுகளில் மெல்லிய பல்வரிசை ஒன்று முளைத்தது. குறுக்காகத் திருப்பினேன், மறைந்தது. நான்கு விரற்கடை விலக்கினேன், மறைந்தது. சற்றுத் தள்ளிப்போனாலே புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது: தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். திரும்பி வரும் இம்மியும் அதே வரியைக் கட்டியாக வேண்டும். பூனைக் கதவு வெறும் பலகையாக இல்லாமல் குட்டிச் சுரங்கம்போல் இருப்பது ஏன் என்று அன்று புரிந்தது.

இப்போது என்னை மயக்கிய இடத்துக்கு வருகிறேன். மின்சாரம் கிடைக்கும் வரை சில்லு தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். முடிந்த இடத்திலேயே மறுபடியும் தொடங்கும். அந்தாதிபோல முடிவும் முதலும் ஒட்டிக்கொண்ட வட்டம் அது. நடுவில் வந்து காது கொடுக்கும் கதவுக்கு எது தலை, எது வால் என்று எப்படித் தெரியும்? …47194719471947… என்று ஒருவர் விடாமல் சொல்கிறார். எண் 4719ஆ, 7194ஆ, 1947ஆ?

சில்லு தன் எண்ணைச் சொல்வது பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே குறிகளில்; ஒவ்வொரு குறியும் ஒரு பிட். தலையை அடையாளம் காட்ட, முதலில் பத்துப் பூஜ்யங்களும் ஓர் ஒன்றும் வருகின்றன. ஆனால் பூனையின் எண்ணிலேயே பத்துப் பூஜ்யங்கள் தொடர்ந்து வந்துவிட்டால்? அதற்குத்தான் அந்த அழகான தந்திரம்: தலைப்புக்குப் பிறகு ஒவ்வோர் எட்டு பிட்டுக்கும் அடுத்து, பொருளே இல்லாத ஓர் ‘1’ காவலுக்கு நிற்கிறது. எண் எதுவானாலும் எட்டுக்கு மேல் பூஜ்யங்கள் சேரவே முடியாது. பத்துப் பூஜ்யங்கள் தலையைத் தவிர வேறெங்கும் பிறக்கா. பதின்மூன்று காவலர்களையும் சேர்த்து மொத்தம் 128 பிட்கள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் 30 மில்லி நொடி. பூனை மீசையை நுழைத்துத் தயங்கும் ஒரு நொடிக்குள் முப்பது முறைக்கு மேல் தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. கூடவே 16 பிட் சரிபார்ப்பு எண்ணும் வருகிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் கதவு அந்தச் சுற்றைத் தள்ளிவிட்டு அடுத்ததைக் கேட்கும்.

பூனையின் சான்றிதழில் இருப்பது 15 இலக்கங்கள். முதல் மூன்று, நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். மற்ற பன்னிரண்டுக்கும் ஒதுக்கியிருப்பது 38 பிட்கள், அதாவது 27,487 கோடிக்கும் மேற்பட்ட எண்கள். அதனால் அந்தப் பன்னிரண்டு இலக்கங்கள் 274877906943ஐத் தாண்டவே முடியாது. தாண்டினால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தனி பிட்டும் இருக்கிறது. “இது விலங்குதானா?” என்ற கேள்விக்கு விடை சொல்வது மட்டுமே அதன் வேலை.

பேட்டரி இல்லாமல் பேசும் இந்த வித்தையின் முன்னோடி ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி. 1945இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகத் தந்த மரச் சிற்பத்துக்குள் அதை ஒளித்திருந்தார்கள். செய்தவர் ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின். வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால் மட்டுமே விழிக்கும். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு 1970களில், அணுகுண்டு செய்த அதே லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாடுகளை அடையாளம் காண இதே வழியில் ஆராய்ந்தார்கள். அணுகுண்டுக் கூடத்துக்கு மாட்டின் காதில் என்ன வேலை என்று நிதிக்குழு ஒன்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியாகவே தோன்றியிருக்கும். ‘உடனடிப் பயன் என்ன?’ என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்களே, அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில்லு வழியாகப் பூனை இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் கண்காணிக்கிறது, அது இரவும் பகலும் கதிர்வீசுகிறது என்றெல்லாம் படித்தவர்களே நம்புகிறார்கள். கதவை விட்டு ஒரு முழம் விலகினால் அந்தக் குப்பி கூழாங்கல்லுக்குச் சமம்.

கதவும் சோம்பேறிதான். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொள்வது கதவு. பல கதவுகளில் ஓர் அகச்சிவப்பு உணரி மட்டும் அரைத் தூக்கத்தில் காவல் இருக்கும். ஏதாவது குறுக்கிட்டால்தான் சுருளுக்கு மின்சாரம் போகும். நான்கு சிறிய பேட்டரிகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுவது அதனால்தான். எண் பட்டியலில் இருந்தால் தாழ்ப்பாள் விலகும். சில நொடிகள் கழித்து மீண்டும் விழும்.

வாசகியின் இரண்டாவது கேள்விக்கு விடை அந்தச் சில நொடிகளில் இருக்கலாம்: முன்னே போகும் பூனையின் வாலை ஒட்டியே இன்னொன்று நுழைந்துவிடும். இல்லாவிட்டால், புதிதாகப் பொருத்திய அன்று அறிமுகப் பொத்தானை அழுத்திவிட்டு நீங்கள் நகர்ந்தபோது முதலில் தலையை நீட்டியது பக்கத்து வீட்டுப் பூனையாக இருக்கலாம். கதவு சான்றெல்லாம் கேட்காது. வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். எது என்று அறிய, தாழ்ப்பாளின் ‘டக்’ ஒலியைக் கவனியுங்கள். உங்கள் பூனை வெளியே போகாமல் மடியில் படுத்திருக்கும்போதும் அந்த ‘டக்’ கேட்டால், பட்டியலை அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.