மூன்று அட்டைகள், ஒரே மருந்து

பல்வலிக்காகத் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், மூன்றாம் நாள் இரவு விடாத வாந்தியோடு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்து வைத்த மாத்திரை அட்டைகளில் ஒன்று வலிக்கு, ஒன்று காய்ச்சலுக்கு, இன்னொன்று சளிக்கு. முன்புறம் மூன்று வேறு பெயர்கள். திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் பொடி எழுத்தில் பாராசிட்டமால் என்றிருந்தது. "எதையுமே அளவுக்கு மேல் போடவில்லையே, டாக்டர்" என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கல்லீரலுக்கு வந்து சேர்வது மூன்றின் கூட்டுத்தொகை.

அளவுதான் ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்று பாராசெல்சஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர் 16ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். நச்சியலில் முதல் பாடம் இன்றும் அதுவே. ஆனால் அளவு மிஞ்சுகிறது என்றால் செல்லுக்குள் எது எதை மிஞ்சுகிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் அந்தப் பாடம் முழுமையாகப் புரியும்.

விழுங்கிய பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் செல்கள் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. நூற்றில் ஐந்து முதல் பத்து பங்கு மட்டும் வேறு வழியில் சென்று, என்.ஏ.பி.க்யூ.ஐ. எனப்படும் வினைவேகம் மிக்க நச்சுப் பொருளாகிறது; அதைக் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் உடனுக்குடன் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மருந்து கூடும்போது முதல் வழி நிரம்பி வழிய, இரண்டாம் வழியில் செல்லும் பங்கு பெருகி, குளுட்டாதயோன் இருப்பு கரையத் தொடங்குகிறது. அது தீர்ந்துபோனால், பிடிபடாத நஞ்சு செல்லின் புரதங்களிலேயே ஒட்டிக்கொண்டு, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் செயலிழக்கச் செய்து செல்லைக் கொன்றுவிடுகிறது. பல்வலியால் மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடாத அந்த மனிதரிடம் குளுட்டாதயோன் இருப்பே குறைவாகத்தான் இருந்திருக்கும். நீண்ட நாள் மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

மற்ற நஞ்சுகள் தாக்கும் இடங்கள் வேறு. சயனைடு, செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தையே அடைத்துவிடும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும்.

பாராசிட்டமாலில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அதன் மௌனம். அளவு மிஞ்சிய முதல் 24 மணி நேரத்தில் லேசான குமட்டல் இருக்கலாம், அதுவும் இல்லாமலும் போகலாம். கல்லீரல் பாதிப்பு உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாட்களில். குளுட்டாதயோனை மீண்டும் உருவாக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறிவு மருந்தோ, ஒரே தடவையில் அதிகமாக விழுங்கியவருக்கு 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிகச் சிறப்பாகக் காக்கும். அதனால், தெரிந்தோ தெரியாமலோ அளவு கூடிவிட்டால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்காமல், அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு, எல்லா மாத்திரைகளையும் சேர்த்து, 4 கிராம்; எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு.

அந்த மனிதருக்கு அன்றிரவே அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றத் தொடங்கினோம். ஐந்தாம் நாள், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளின் அளவு இரத்தத்தில் இறங்கத் தொடங்கியது. வீடு திரும்பும் அன்று மூன்று அட்டைகளையும் அவர் முன் திருப்பி வைத்து, பொடி எழுத்திலிருந்த அந்தப் பெயரைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினேன்.