செகண்ட்: விநாடியா, நொடியா?

கடிகாரத்தில் மணிமுள், நிமிடமுள், அப்புறம் செகண்ட் முள். எண்ணிப் பார்த்தால் அது மூன்றாவது முள். ஆனால் ஆங்கிலத்தில் செகண்ட் என்றால் இரண்டாவது. மூன்றாவதாக நிற்பதற்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

விடை லத்தீனில் இருக்கிறது. எதையும் 60 60-ஆகப் பிரித்துக் கணக்குப் போடுவது பாபிலோனியர் வழக்கம். அவர்கள் வழியில் வந்த வானியலாளர்கள் வட்டத்தின் ஒரு பாகையை (டிகிரியை) 60 கூறாக வெட்டினார்கள். அதற்கு லத்தீனில் 'பார்ஸ் மினுட்டா பிரீமா' என்று பெயர்; முதல் சிறுகூறு. அந்தச் சிறுகூற்றை மறுபடி 60-ஆக வெட்டினால் 'பார்ஸ் மினுட்டா செகுண்டா', இரண்டாம் சிறுகூறு. மணியையும் பிறகு அப்படியே வெட்டினார்கள். நீளமான பெயர் நாவில் நிற்குமா? முதலாவதில் 'சிறு' என்ற துண்டு மட்டும் தங்கி மினிட் ஆனது. அடுத்ததில் 'இரண்டாம்' மட்டும் தங்கி செகண்ட் ஆனது. ஆக, அது இரண்டாவது முள் அல்ல, இரண்டாவது வெட்டு. இடைக்கால வானியலாளர் அல்-பிரூனி போன்றவர்கள் மூன்றாம், நான்காம் வெட்டு வரைக்கும் போய்க் கணக்கிட்டிருக்கிறார்கள்.

'செகுண்டா'வின் அடிப்பொருள் 'பின்தொடர்வது'. ஒரு படத்தின் தொடர்ச்சியை சீக்வல் என்கிறோமே, அதுவும் இதே வேரில் பிறந்த சொல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் உடனே சொல்வது விநாடி. வினாடி என்றும் எழுதுகிறோம். இது வடமொழியிலிருந்து வந்தது, அதற்கென்று சொந்தக் கணக்கும் உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை 24 நிமிடம் என்பது பலருக்கும் தெரியும். அப்படியானால் பழைய விநாடி ஒன்று இன்றைய செகண்டில் 24! அதே பெயரை எடுத்து அதில் 24-இல் ஒரு பங்குக்கு வைத்துவிட்டோம். பஞ்சாங்கக் கணிதம் படிப்பவர் இங்கே தடுமாறாமல் இருக்க முடியாது.

எனக்கு மனம் போவது நொடி என்ற சொல்லிடம். 'கண்இமை நொடி என அவ்வே மாத்திரை' என்கிறது தொல்காப்பியம். எழுத்தின் ஒலியளவான மாத்திரைக்குக் கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும்தான் அளவுகோல். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். அந்தச் சின்னச் செயலைக்கூட நான்காகப் பிரித்து ஒரு பழம்பாட்டு சொல்கிறது: 'உன்னல் காலே, ஊன்றல் அரையே, முறுக்கல் முக்காலே, விடுத்தல் ஒன்றே'. சொடுக்க நினைப்பது கால் மாத்திரை, விரலை ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விட்டால் ஒன்று. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். அணுக்கடிகாரத்தை எட்டாத காலத்தில், தன் விரலையே கடிகாரமாக்கி, சொடுக்க நினைக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த நொடி இன்றைய செகண்டுக்குச் சமம் அல்ல; ஒரு குறிலை உச்சரிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் செகண்டின் நீளத்தை இப்போது எந்தச் சொல்லும் தீர்மானிப்பதில்லை. சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நேரம் என்று 1967-இல் வரையறுத்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது பெயர் மட்டும். விநாடியைப்போல் நொடி முரண்படும் எண் எதையும் சுமந்து வரவில்லை. நொடிமுள், மில்லிநொடி என்று கூட்டுச்சொற்களிலும் இயல்பாகப் பொருந்துகிறது. ஈழத்தமிழர் செக்கன் என்று தமிழ் ஓசைக்கு இசையப் புழங்குகிறார்கள். அதையும் குறைசொல்ல மாட்டேன்.

நிமிடத்தின் கதையும் இப்படித்தான். நிமிஷம் என்றால் வடமொழியில் கண்ணிமைப்பு. ஓர் இமைப்பை 60 நொடியாக நீட்டிவிட்டோம். ஆனால் அதற்கு மாற்றாக மக்கள் நாவில் வேறு சொல் இல்லை. அதை அப்படியே விடலாம்.

'ஒரு செகண்ட் இருங்க' என்று பேச்சில் சொல்லும்போது மட்டும் நொடி பொருந்தாது. அங்கே அளவு எதுவும் இல்லை. 'கொஞ்சம் இருங்க' என்றால் போதும்.