பன்ட் பறக்கும்போது நடுவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

அமெரிக்க ஃபுட்பாலில், நான்காவது முயற்சியிலும் முன்னேற வழி தெரியாத அணி, பந்தை எதிரணிக்குக் கொடுத்தாலும் தொலைவாகக் கொடுப்போம் என்று ஓங்கி உதைத்துவிடும். அதுதான் பன்ட். பார்ப்பவர்களில் பாதிப் பேர் டீ போட எழுந்து போகும் நேரம். நடுவர்களுக்கோ இதைவிடத் தலைவலியான ஆட்டம் குறைவு. மற்ற நேரங்களில் மோதல் ஒரு சிறு பரப்பில் நடந்து முடியும். பன்டில் 22 பேரும் அறுபது யார்டுக்கு மேல் சிதறி ஓடுகிறார்கள்.

பந்தை உதைப்பவர் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குச் சுமார் 15 யார்டு பின்னால் நிற்பார். ஸ்னாப்பிலிருந்து, அதாவது பந்து அவரிடம் பின்னால் எறியப்படும் கணத்திலிருந்து, உதை வரை இரண்டு விநாடி. நல்ல உதை என்றால் அதற்கப்புறம் நாலரை விநாடி பந்து வானத்தில். ஏறக்குறைய 25 மீட்டர் உயரம் போய் வரும். கன்னர்கள் எனப்படும் இரண்டு ஓர ஆட்டக்காரர்கள் ஸ்னாப் ஆனதுமே ஓடத் தொடங்குவதால், பந்து இறங்கும் இடத்துக்கு அதோடு சேர்ந்தே போய்விடுவார்கள். நடுத்தர வயது நடுவரால் அவர்களை விரட்டிப் பிடிக்க முடியுமா? அதனால் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் பேக் ஜட்ஜ், ஃபீல்ட் ஜட்ஜ், சைடு ஜட்ஜ் என்ற நடுவர்கள் மூவரும் பந்து வருமுன்பே தொலைவில் போய்க் காத்திருக்கிறார்கள். பேக் ஜட்ஜ் பந்தைப் பிடிக்கப்போகிறவர் பக்கத்தில். மற்ற இருவர் ஆளுக்கொரு பக்கவாட்டுக் கோட்டில்.

அங்கே நின்றும் அவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. நம் கண்ணுக்குக் கூர்மையான பார்வை நடுவில் சுமார் இரண்டு டிகிரி மட்டுமே. நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம். பறக்கும் பந்தை யாரும் தள்ளிவிடப் போவதில்லை. தப்பெல்லாம் கீழேதான் நடக்கிறது: பிடிப்பவரை முன்கூட்டியே இடிப்பது, பின்னாலிருந்து தள்ளுவது. பந்து எங்கே வருகிறது என்பதைப் பிடிப்பவரின் முகமும் கால்களுமே பேக் ஜட்ஜுக்குச் சொல்லிவிடும். பிடிப்பவர் கையை உயர்த்தி அசைத்து ஃபேர் கேட்ச் (இடிக்காமல் விடுங்கள், பந்தைப் பிடித்துக்கொள்கிறேன் என்ற கோரிக்கை) கேட்டாரா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை நடுவரான ரெஃப்ரீ, உதைப்பவருக்கு அருகில், பெரும்பாலும் அவருடைய உதைக்கும் கால் பக்கமாக நிற்பார். தடுக்க ஓடிவருபவர் உதைத்த காலில் மோதினால் ஐந்து யார்டு தண்டனைதான். மற்றக் கால் தரையில் ஊன்றியிருக்க அதில் மோதினால் 15 யார்டு, கூடவே உதைத்த அணிக்குப் புதிதாக முதல் டவுன் (முயற்சி). அதாவது கைக்கு வந்த பந்து திரும்பப் போய்விடும். ஆனால் ஓடிவந்தவர் முதலில் பந்தைத் தொட்டிருந்தால் எந்தத் தண்டனையும் கிடையாது. ஆகவே ரெஃப்ரீயின் கண் பந்து, விரல், இரண்டு கால்கள் என எல்லாவற்றையும் ஒரே நொடியில் பிடித்தாக வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பந்து தரையைத் தொடாமலே பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் போகும்போது நடப்பது. கோட்டின் மேல் எந்த இடத்தில் தாண்டியது? கோட்டருகே நிற்பவருக்குப் பந்து வெளியே போனது தெரியும். ஆனால் தலைக்கு மேல் உயரத்தில் போனதை முன்னும் பின்னுமாக எத்தனையாவது யார்டு என்று சொல்வது கடினம். பின்னாலிருந்து பந்தின் பாதையைப் பார்த்த ரெஃப்ரீக்குத் திசை தெரியும், தூரம் தெரியாது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் ஒரு புள்ளி கிடைக்குமே! கோட்டு நடுவர் பந்து தாண்டியிருக்கக்கூடிய இடத்தையும் கடந்து ஓடி, கையைத் தூக்கியபடி ரெஃப்ரீயை நோக்கிக் கோட்டின் மேலேயே நடந்து வருவார். தான் பார்த்த திசைக்கு நேராக அவர் வந்த கணத்தில் ரெஃப்ரீ கையை வெட்டி இறக்குவார். அங்கேதான் பந்து வைக்கப்படும்.

துல்லியம் எவ்வளவு? மைதானத்தின் அகலம் 53 யார்டும் ஓர் அடியும். நடுவிலிருந்து உதைத்த பந்து 60 யார்டு தள்ளி வெளியே போனால், ரெஃப்ரீயின் திசை ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் புள்ளி ஏறக்குறைய மூன்று யார்டு நகரும். சுழலும் பந்து கடைசியில் வளையவும் செய்யும். கிளம்பிய திசையை நினைவில் வைத்துப் பயனில்லை, தாண்டிய திசைதான் கணக்கு. முதல் டவுனுக்குரிய தூரம் கிடைத்ததா என்று அளக்க 2025-இல் என்.எஃப்.எல். கேமராக்களைக் கொண்டுவந்துவிட்டது. பந்தை எங்கே வைப்பது என்பது மட்டும் இன்னும் இப்படித்தான்.

கோல் கோட்டருகே பந்து விழும் என்று தெரிந்தால் நிற்கும் இடம் மாறும். பந்தைத் தட்டி நிறுத்தப் பாயும் ஆட்டக்காரரின் பாதம் கோட்டில் பட்டதா, கை அப்போது பந்தில் இருந்ததா என்று இரண்டையும் ஒருசேரப் பார்க்க, கோட்டின் நேர்மேலே நிற்பதைத் தவிர வழியில்லை. சற்றுத் தள்ளி நின்றால் கண் ஏமாற்றும். சாக்கரில் உதவி நடுவர்களின் ஆஃப்சைடு பிழைகளுக்கும் நிற்கும் கோணமே காரணம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் பல இடங்களில் ஐந்து நடுவர்கள்தான். தொலைவில் காத்திருக்க ஒரே ஒரு பேக் ஜட்ஜ். பன்ட் வெளியே போனால், ஆட்டம் தொடங்கும் கோட்டில் நின்றிருந்த நடுவரே பக்கவாட்டுக் கோடு நெடுக ஓடிப்போய்க் கையைத் தூக்க வேண்டியதுதான்.