எழுத்து வராது என்று பிரதியை மூடியவர்களுக்கு

“எனக்கு எழுத்து வராதுங்க, அதெல்லாம் பிறவியிலேயே இருக்கணும்.” எடிட்டர் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

ஒருவர் தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி என்னிடம் சொன்னார். கண்ணைத் திறக்கவே முடியாத நிலையிலும் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாராம். கேட்ட எனக்குத் தொண்டை அடைத்தது. அதையே எழுதிக் கொண்டுவந்தார். ‘அப்பா மிகவும் கஷ்டப்பட்டார்’ என்று ஒரே வரி. கண்ணாடியைக் காணோம். “பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே” என்று பிரதியை மூடிவிட்டார்.

அவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஓர் ஆய்வு செய்தார். சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டியது 120 பாட்டு, கண்டுபிடிக்கப்பட்டது 3. தட்டுகிறவரின் மனசுக்குள் மெட்டு ஓடுகிறது, கேட்கிறவருக்கோ வெறும் டொக் டொக் சத்தம்தான். எழுதும்போதும் இதுதான் நடக்கிறது. ‘கஷ்டப்பட்டார்’ என்று எழுதியபோது அவர் மனசில் அந்தக் கண்ணாடி இருந்தது, தாளில் இல்லை.

பிறவித் திறமையே கிடையாது என்று சொல்லமாட்டேன். சிலருக்குச் சொல்லின் ஓசை சின்ன வயதிலேயே பிடிபட்டுவிடுகிறது. அவர்களுடைய முதல் வரைவு மற்றவர்களின் மூன்றாவது வரைவு போல இருக்கும். அப்புறம் அவர்களும் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஒரே நாவலுக்கு எழுதிப் பார்த்த முடிவுகள் மட்டும் 47. 2012இல் அவை அச்சிலேயே வந்தன. நாம் படிப்பது கடைசியில் நின்ற ஒன்றை. அதன் பக்கத்தில் நம் முதல் வரைவை வைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் உடையாது?

நிறைய எழுதினால் மட்டும் கை தேறிவிடாது. அதே தவறைத்தான் வேகமாகச் செய்வோம். எழுதியதை நாலு நாள் எடுத்து வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் பெரும்பாலும் எழுவாய் முதல் வரியில் இருக்கும், வினைமுற்று நாலாம் வரியில் கிடக்கும். நடுவே ‘போய், பார்த்து, கேட்டு, வந்து’ என்று எச்சங்கள் வரிசை கட்டி நிற்கும். வெட்டுங்கள். ‘அவர்’ என்று வந்தால் எந்த ‘அவர்’ என்று கேளுங்கள். ‘மிகவும்’ வரும் இடத்தில் அதிகம் நில்லுங்கள், அங்கேதான் எதையோ சொல்லாமல் விட்டிருப்பீர்கள். இதை விஷயம் தெரியாத ஒருவர் படிக்கக் கேட்டால் இன்னும் நல்லது. அவர் எங்கே ‘ஏன்?’ என்கிறாரோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

அன்று பிரதியை மூடியவர் இப்போது ஆறாவது திருத்தத்தில் இருக்கிறார். கண்ணாடி முதல் பத்தியிலேயே வந்துவிட்டது.