புதுப் பங்குக்குப் போகும் இளங்குருக்களுக்கு

வேறொரு பங்குக் கோயிலுக்கு மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் இளங்குருக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பூசை நேரத்தை மாத்தலாமா, ஃபாதர்?" முதல் வருஷம் எதையும் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். மக்களின் நேரம் தெரியாமல் பூசை நேரத்தை எப்படி முடிவு செய்வது?

நம் வேலூர் மறைமாவட்டத்துக் கிராமங்களில் பகல் பதினொரு மணிக்கு வீடு சந்திக்கப் போனால் கிழவர்களைத்தான் பார்ப்பீர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், திரும்புவதற்குள் இருட்டிவிடும். குடியாத்தம் பக்கம் பெண்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் மடியில் பீடி முறம் இருக்கும். சாமியாரைக் கண்டதும் அதை ஒதுக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். எழ வேண்டாம் என்று சொல்லித் திண்ணையிலேயே உட்காருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நாம் பேசும் நேரமும் அவர்கள் கூலிதான். முதல் சுற்றுக்கு, மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு, ராத்திரி ஏழுக்கு மேல் போங்கள்.

பொறுப்பேற்கும்போது சொத்துப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1283. முன்பிருந்தவருக்கு மரியாதைக் குறைவு என்று பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மாதா நகை, நிலப் பட்டா, கல்லறைத் தோட்ட எல்லை மூன்றையும் நேரில் பாருங்கள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவரையும் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.

அடுத்தது திருமுழுக்குப் பதிவேடு. பழைய பக்கங்களிலிருந்து பொறுமையாகப் படித்து வாருங்கள். எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது தெரியவரும். கல்யாண ஓலை, அதாவது கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு, எழுதும்போது சிக்கல் வரும். பதிவேட்டில் அந்தோணியம்மாள், பள்ளிச் சான்றிதழில் ஓர் இந்துப் பெயர். இதை ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை கதவு திறக்கவில்லை. பிள்ளையின் படிப்புக்காக ஒரு தாய் இரண்டு பெயரைச் சுமக்கிறாள். அவளிடம் வராந்தாவில் நாலு பேர் முன்னால் விளக்கம் கேட்பது பெரும் பாவம் என்றே நான் நினைக்கிறேன். அறைக்குள் உட்காரவைத்து அப்பா பெயரையும் ஊரையும் கேட்டாலே பதிவு கிடைத்துவிடும்.

பங்குப்பேரவையில் யார் பக்கம் யார் என்பது தானாகத் தெரியும், அதற்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் ஒன்றை முதல் ஞாயிறே தொடங்குங்கள். பொறுப்பேற்றபின் ஒவ்வொரு ஞாயிறும், பூசை காண்பது கட்டாயமான கடன் திருநாளும் ஒரு திருப்பலியைப் பங்கு மக்களுக்காக ஒப்புக்கொடுப்பது நம் கடமை, சட்டம் 534. அதற்குக் காணிக்கை கிடையாது. இன்னாருக்காகப் பூசை வையுங்கள் என்று மக்கள் காணிக்கையோடு தரும் கருத்துச் சீட்டுகள் குவிந்து கிடக்கும் மேசையில் இது எளிதாக மறந்துபோகும், எனவே நாட்குறிப்பில் வருஷம் முழுவதற்கும் இப்போதே குறித்துவிடுங்கள்.