பாலிசி அட்டவணையில் ஒரு வரி: செயலி வண்டி ஓட்டுவோரும் ஏறுவோரும் அறிய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் அலுவலகத்துக்குக் கடந்த கோடையில் ஒரு திங்கட்கிழமை காலை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் மழையில் பிரேக் பிடிக்காமல் சறுக்கி, முன்னால் நின்ற வண்டியின் மீது அவருடைய கொரோலா மோதியிருந்தது. கோப்புக்குள் மூன்று தாள்கள் இருந்தன: காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதம், பாலிசி அட்டவணை, வண்டிக் கடனில் இன்னும் 1 லட்சத்து 80 ஆயிரம் ராண்ட் பாக்கி என்று வங்கி அனுப்பிய கணக்கு. "அண்ணா, முழுக் காப்பீடு என்றுதானே போட்டிருக்கிறது? முப்பத்தொரு மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறேன்" என்றார். அட்டவணையின் முதல் பக்கத்தில் கீழிருந்து மூன்றாவது வரியில் நான் விரலை வைத்துக் காட்டினேன். "வண்டியின் பயன்பாடு: தனிப்பட்டது" என்று அங்கே அச்சிட்டிருந்தது. கைப்பேசிச் செயலி மூலம் பயணிகளை ஏற்றி ஓட்டிவந்த அவர், பாலிசி எடுத்த நாளிலிருந்து அந்த வரியைப் பார்த்ததே இல்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் காப்பீட்டுத் தரகராக இருக்கிறேன். அந்த ஒரு வரியால் வண்டியையும் வருமானத்தையும் ஒரே நாளில் இழந்தவர்கள் என் மேசைக்கு எதிரே பலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். வேலை போன பிறகு வீட்டுக்கென்று வாங்கிய வண்டியைச் செயலியில் சேர்த்துப் பிழைப்பைத் தொடங்கியவர்கள். சேரும்போது செயலி அவர்களிடம் பல ஆவணங்களைக் கேட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

சொல் ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்கிறேன். நம் நாட்டில் டாக்ஸி என்றால் பதினைந்து பேர் ஏறும் மினிபஸ்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆகவே உபெர், போல்ட், இன்டிரைவ் போன்றவற்றில் ஓடும் கார்களை இங்கே செயலி வண்டி என்றே எழுதுகிறேன். 2013-இல் ஜோஹானஸ்பர்கில் உபெர் தொடங்கியபோது, இவ்வகை வண்டியை மனத்தில் வைத்து எழுதிய சட்டமும் நம்மிடம் இல்லை; பாலிசியும் அரிதாகவே இருந்தது.

காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தைக் கணக்கிடும்போது வண்டி எதற்காக ஓடுகிறது என்பதையே முதன்மையாகப் பார்க்கிறது. வேலைக்குப் போய்வருவதும் கோயிலுக்கும் கடைக்கும் போவதும் தனிப்பட்ட பயன்பாடு. சரக்கு விற்கவும் வாடிக்கையாளரைச் சந்திக்கவும் ஓட்டுவது வணிகப் பயன்பாடு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவது இவை இரண்டிலும் சேராத தனி வகை. வணிகப் பயன்பாட்டுப் பாலிசி வாங்கிவிட்டதால் கவலையில்லை என்று நம்பி வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாலிசியின் விலக்குப் பகுதியிலும் கூலிக்குப் பயணிகளை ஏற்றுவதற்குப் பாதுகாப்பு இல்லை என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம், அறியாத தெருக்களில், கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் வண்டிக்கு, வீட்டு வாசலில் பாதி நாள் நிற்கும் வண்டியைவிட ஆபத்து அதிகம் என்பதே காரணம்.

"அப்போது வண்டியில் பயணி யாரும் இல்லையே" என்று சிலர் வாதிடுவதுண்டு. செயலியை அணைத்துவிட்டு மகளைப் பள்ளியில் விடப் போகும் நேரம், செயலியைத் திறந்து அழைப்புக்காகக் கேட்வே பேரங்காடியின் வாசலில் காத்திருக்கும் நேரம், அழைப்பை ஏற்றுப் பயணியை நோக்கிப் போகும் நேரம், பயணி ஏறியபின் ஓடும் நேரம் என்று ஒரே நாளில் ஒரே வண்டி நான்கு நிலைகளில் இருக்கிறது. இந்த நான்கில் எவற்றைத் தன் பாலிசி காக்கிறது என்பதை ஓட்டுநர் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். தொலைபேசியில் ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னது, இழப்பீட்டுக் கோரிக்கை வைக்கும் நாளில் உதவாது. செயலி நிறுவனம் தானே தரும் பாதுகாப்பு ஏதேனும் இருந்தால், அது எந்த நிலையில் தொடங்கி எந்த நிலையில் முடிகிறது, உடல் காயத்துக்கு மட்டுமா, வண்டிக்கும் சேர்த்தா என்பதையும் அப்படியே கேட்க வேண்டும். காயத்துக்கான பாதுகாப்பை வண்டிக்கான பாதுகாப்பு என்று நம்பி இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விபத்துக்குப் பின் உண்மையை மறைத்துவிடலாம் என்று யாரேனும் அறிவுரை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கோப்போடு வந்த அந்த நண்பர், உறவினர் ஒருவரைக் கொண்டுபோய் விட்டதாகக் கோரிக்கைப் படிவத்தில் எழுதியிருந்தார். காவல்துறையின் விபத்து அறிக்கையிலோ, பின்னிருக்கையில் இருந்த பெண் தான் செயலி மூலம் வண்டியை அழைத்ததாகச் சொன்னது பதிவாகியிருந்தது. வண்டியில் பொருத்தியிருந்த தடங்காணும் கருவி, மூன்று மாதங்களாக அது எங்கெங்கே நின்றது என்பதை நிமிடக் கணக்கில் காட்டியது. பயன்பாட்டைச் சொல்லாமல் விட்டது ஒரு குறை. பொய் சொன்னது அதைவிடப் பெரிய குறையாகிக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் ஏறிவிட்டது. முதல் குறை மட்டும் இருந்திருந்தால் நான் அவருக்காக வாதாட ஏதேனும் இடம் இருந்திருக்கலாம்.

நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின்படி நிறுவனம் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 90 நாள்கள் வரை அந்நிறுவனத்திடமே மறுப்புத் தெரிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதிலும் தீராவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனித்தனியே இருந்த நான்கு குறைதீர்ப்பு அலுவலகங்களை இணைத்து 2024 மார்ச் முதல் இது இயங்குகிறது. சொல்லாமல் விட்ட செய்தி ஆபத்தை மதிப்பிடுவதில் உண்மையிலேயே முக்கியமானதா என்பது குறுங்காலக் காப்பீட்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின் கேள்வி. அட்டவணையில் எழுதிய பயன்பாட்டுக்கு வெளியே வண்டி ஓடியதா என்பது அதிலிருந்து வேறான கேள்வி. எந்தக் காரணத்தால் மறுத்தார்கள் என்பதைப் பிரித்தறிந்து பதில் எழுதினால்தான் பயன் இருக்கும்.

வண்டி போனது மட்டும் இழப்பென்றால்கூட ஒருவர் எழுந்து நிற்கக்கூடும். என் கவலை அதற்கு அடுத்து வரும் கடிதத்தைப் பற்றியது. அடுத்தவர் வண்டிக்கு நாம் செய்யும் சேதத்துக்குக் கட்டாயக் காப்பீடு நம் நாட்டில் இல்லை. நீங்கள் மோதிய வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால், அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வழக்கறிஞர் கடிதம் அனுப்பும். வண்டி வேறொருவருக்குச் சொந்தம், வாராவாரம் வாடகை கட்டி ஓட்டுகிறேன் என்றாலும், தவறு உங்கள் மீது இருந்தால் கடிதம் உங்கள் பெயருக்கே வரும். இப்படி வாடகைக்கு எடுத்து ஓட்டும் தம்பிகளிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்றே: உரிமையாளரின் பாலிசி அட்டவணையைக் கண்ணால் பார்த்தாயா, அதில் வழக்கமான ஓட்டுநராக உன் பெயர் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை என்றே தலையை அசைப்பார்கள். அட்டவணையைக் காட்ட மறுக்கும் உரிமையாளரின் சாவியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவான கருத்து.

தீ வைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மினிபஸ் நிறுத்தங்களுக்கும் பேரங்காடிகளுக்கும் அருகில் செயலி வண்டி ஓட்டுநர்கள் மிரட்டப்படுவதும் தாக்கப்படுவதும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. 2025 ஆகஸ்டில் சோவெட்டோவின் மபோன்யா பேரங்காடி அருகே ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டு வண்டிகள் கொளுத்தப்பட்டதை மறக்க முடியாது. கலவரம், வேலைநிறுத்தம், பொது ஒழுங்கின்மை ஆகியவற்றால் வரும் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்பதில்லை. அதற்கென்றே அரசின் சஸ்ரியா நிறுவனம் இருக்கிறது. 2021 ஜூலையில் நம் குவாசுலு-நட்டால் மாகாணமே எரிந்தபோது அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அட்டவணையில் சஸ்ரியா என்ற வரிக்கு நேரே சிறு தொகை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒரு தனி ஆள் பகை கொண்டு வைத்த தீயா, கூட்டக் கலவரமா என்பதைப் பொறுத்தே யார் பணம் தருவது என்பது முடிவாகும். ஆகையால் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது எத்தனை பேர் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அங்கே அன்று என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இனி உரிமத்துக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரைப் போக்குவரத்துச் சட்டப்படி, கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றும் எந்த வண்டிக்கும் இயக்க உரிமம் வேண்டும். செயலி வண்டிக்கென்று தனிப் பிரிவு இல்லாததால் மீட்டர் டாக்ஸியின் உரிமத்தையே கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் மாகாண அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் இடையே மாதக்கணக்கில் கிடந்ததால் பலர் ரசீதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அந்த ரசீதை ஏற்காமல் வண்டியைப் பறிமுதல் செய்த காவலர்களும் உண்டு. பறிமுதலான வண்டியை மீட்கும் செலவை எந்தக் காப்பீடும் தராது. 2024-இல் குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட திருத்தச் சட்டமும் 2025 செப்டம்பர் 12-இல் வெளியான விதிகளும் செயலி வண்டியைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டன. வண்டியில் அடையாளக் குறி வேண்டும், பயணிக்கு எட்டும் அபாயப் பொத்தான் வேண்டும், செயலி நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமம் இல்லாத ஓட்டுநரைத் தன் செயலியில் ஓட விடும் நிறுவனத்துக்கு 1 லட்சம் ராண்ட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கலாம். இதுவரை தெருவில் நிற்கும் ஓட்டுநரின் தோளில் மட்டுமே இருந்த சுமையில் ஒரு பங்கை நிறுவனத்தின் மீதும் ஏற்றியது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கும் காப்பீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். பயணிகளை ஏற்ற அனுமதிக்கும் பாலிசிகளில் நான் பார்த்த பலவற்றில், இயக்க உரிமமும் ஓட்டுநரின் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டிச் சரியான பாலிசியை வாங்கிய ஒருவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்த ஓட்டுநர் அனுமதியை மறந்துவிட்டுத் தவிக்கலாம். புதுப்பிக்கும் நாளைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். உரிமம் விண்ணப்ப நிலையில் இருந்தால் அதையும் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள்.

ஓட்டுநரின் உடலுக்கு யார் பொறுப்பு என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். சாலை விபத்து நிதியம், அதாவது ஆர்.ஏ.எஃப்., நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் 2 ராண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் விபத்துக்கு முழுக் காரணமும் ஓட்டுநரே என்றால் அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அவர் இறந்துவிட்டால் அவர் மனைவி மக்களுக்கும் கிடைக்காது. வேலையிடத்துக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் ஊழியர்களுக்கு மட்டுமே உரியது. உபெர் ஓட்டுநர்கள் அதன் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் ஊழியர் அல்லர் என்று 2018 ஜனவரியில் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தோடு அவர்களுக்குள்ள உறவு என்ன என்பதை அது முடிவு செய்யவில்லை. ஆகவே இரவு இரண்டு மணிக்கு கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் கண்ணயர்ந்து தடுப்பில் மோதும் ஓட்டுநர் இரண்டு சட்டங்களுக்கும் வெளியே விழுகிறார். வண்டிக்குக் காப்பீடு கேட்டு வருபவரிடம் தனிநபர் விபத்துப் பாலிசியையும் நான் எடுத்துக் காட்டுவது இதனால்தான்.

பயணியின் நிலை இதைவிட நல்லது. ஆர்.கே.கான் மருத்துவமனையில் வரிசைக்கு முந்துவதற்காக விடியற்காலை நான்கு மணிக்கே செயலி வண்டி ஏறும் பெரியம்மா ஒருவர், "இந்தப் பையன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் என் கதி என்னப்பா?" என்று கோயிலில் என்னைக் கேட்டார். வண்டிக்குப் பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்னிருக்கையில் அமர்ந்த பயணி, எந்த வண்டியின் ஓட்டுநர் மீது தவறு இருந்தாலும் ஆர்.ஏ.எஃபில் இழப்பீடு கோரலாம். பயணிக்கு 25,000 ராண்டுக்கு மேல் கிடையாது என்று பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்வது பழைய சட்டம். 2008 ஆகஸ்ட் 1 முதல் அந்த வரம்பு இல்லை. அதே நாளிலிருந்து வலிக்கும் வேதனைக்குமான இழப்பீடு கடுமையான காயத்துக்கு மட்டுமே என்றும் ஆனது. ஆர்.ஏ.எஃப். ஈடுசெய்யாத மிச்சத்துக்கு ஓட்டுநர் மீது வழக்குப் போடும் உரிமையும் அதனோடு போயிற்று.

ஆனால் கோரிக்கைக்குச் சான்று வேண்டும். செயலியில் அந்தப் பயணம் பதிவான பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். இரு வண்டிகளின் எண்களையும் காவல்துறை வழக்கு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். மோதிய வண்டி எது என்று தெரிந்தால் மூன்று ஆண்டுகளுக்குள், அது தப்பி ஓடிவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். பெரியம்மாவுக்கு இவ்வளவையும் சொன்னபோது, வண்டி எண்ணை எப்படிப் படம் பிடிப்பது என்று கேட்டார். கோயில் வாசலில் நின்றிருந்த வண்டியை வைத்து இரண்டு முறை செய்து காட்டினேன். மூன்றாவது முறை அவரே பிடித்து, ஃபீனிக்ஸில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார்.