மறுசேர்க்கை மனித எல்டிஎல் ஏற்பி: சொல்லும் பொருளும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் 'எல்டிஎல்' தெரியாத வீடு குறைவு. அரசாங்க கிளினிக்கில் தரும் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அது இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'கெட்ட கொழுப்பு'. அதே வீட்டுப் பிள்ளை உயிர்மருத்துவம் படிக்கப் போனால், ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கும் 'ரிகம்பினன்ட் ஹியூமன் எல்டிஎல் ரிசெப்டர்' என்ற புரதக் குப்பியின் பெயரைத் தமிழில் சொல்லத் தடுமாறும். தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு 'ரெசெப்தோர்', 'ரெக்கோம்பினான்' என்று மலாயில் படித்து, பின் ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகள் இவர்கள். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் குப்பியைக் கையாளும் முறையும் புரியும்.

முதலில் லிப்போபுரோட்டீன். கிரேக்கத்தில் 'லிப்போஸ்' என்றால் கொழுப்பு. தமிழில் கொழுப்புப்புரதம். எல்டிஎல் என்பது அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம், மில்லிலிட்டருக்கு 1.019 முதல் 1.063 கிராம் வரை அடர்த்தி உள்ள துகள். அதிவேக மையவிலக்கியில் சுழற்றிப் பிரித்ததால் வந்த பெயர் இது. 'கெட்ட கொழுப்பு' என்ற வழக்கு இங்கேதான் குழப்புகிறது. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கும் புரதம். அது கொழுப்பைப் பிடிப்பதில்லை. துகளைச் சுற்றியிருக்கும் அபோ பி-100 என்ற புரதத்தைத்தான் பிடிக்கிறது. வெறும் கொலஸ்ட்ராலைக் கரைத்து ஊற்றி, பிணைப்பு வரவில்லை என்று கவலைப்படுவதில் பயனில்லை.

ரிசெப்டர் என்பது 'பெற்றுக்கொள்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இலங்கைப் பாடநூல்கள் 'வாங்கி' என்கின்றன. ஒலிவாங்கி போல அழகான சொல்தான். தமிழ்நாட்டு நூல்களில் 'உணர்வேற்பி' உண்டு, ஆனால் அது கண், தோல் போன்ற புலன்களுக்கே பொருந்தும். எல்டிஎல் ஏற்பி எதையும் உணர்ந்து செய்தி சொல்வதில்லை. துகளைப் பற்றி செல்லுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மீண்டும் மேற்பரப்புக்கு வருகிறது. ஆகவே 'ஏற்பி' என்பதே சரி. டல்லஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970களில் இதைக் கண்டறிந்தார்கள். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

உள்ளே போனதும் எப்படி இறக்கிவிடுகிறது? செல்லின் உட்பையில் அமிலத்தன்மை கூடும். ஏற்பி மடங்கி, பிடி விட்டுவிடும். அமிலம் பட்டால் பொருளின் குணம் மாறும் என்பதைப் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ரப்பர் பால் உறைகிறது, இங்கே பிடி தளர்கிறது.

அடுத்தது 'மறுசேர்க்கை'. 1972இல் விஞ்ஞானி பால் பெர்க் இரு வேறு மூலங்களின் டிஎன்ஏவை ஒட்டிய காலத்திலிருந்து பரவிய வழக்கு. மறுசேர்க்கை செய்யப்பட்டது மரபணு; புரதம் அல்ல. 'மறுசேர்க்கைப் புரதம்' என்றால் உடைந்த புரதத்தை ஒட்டியது போலத் தொனிக்கிறது. 'மரபணு மறுசேர்க்கைப் புரதம்' என்று எழுதுவதே தெளிவு. 'மனித' என்பது மரபணுவின் வரிசையைச் சொல்கிறது. அந்த மரபணுவைப் புகுத்திப் புரதத்தைத் தயாரித்த செல் மனிதச் செல்லாக இருக்க வேண்டியதில்லை. எச்இகே 293 மனிதச் செல்லாகவும் இருக்கலாம், சீன வெள்ளெலியின் செல்லாகவும் இருக்கலாம். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது என்றால் எச்சரிக்கை தேவை. பிணைப்புப் பகுதியில் 7 அலகுகள். ஒவ்வொன்றிலும் 3 டைசல்பைடு பிணைப்புகள் (இரு கந்தக அணுக்கள் சேரும் இணைப்பு), ஒரு கால்சியம் அயனி. 21 பிணைப்புகளும் சரியாக அமையாவிட்டால் அது எல்டிஎல்லைப் பிடிக்காது. புரதத்தோடு இணைய வேண்டிய சர்க்கரையையும் பாக்டீரியா சேர்க்காது.

குப்பியில் பெரும்பாலும் ஏற்பியின் செல்வெளிப் பகுதி மட்டுமே இருக்கும். முழு ஏற்பி 860 அமினோ அமிலங்கள். முன்னால் உள்ள 21 அமினோ அமிலங்கள் வெட்டப்பட்டுவிடும். சவ்வுக்குள் புதையும் பகுதியை நீக்கினால்தான் நீரில் கரையும்.

உறைய வைத்து உலர்த்திய தூள் என்றால், திறக்குமுன் சுழற்றி அடியில் சேர்க்கவும். 50 மைக்ரோகிராம் தூளுக்கு 500 மைக்ரோலிட்டர் கரைசல் ஊற்றினால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். குலுக்க வேண்டாம், நுரைத்தால் கெடும்; சிறிது நேரம் விட்டு மெதுவாகச் சாய்த்துக் கலக்கவும். சிறு பங்குகளாகப் பிரித்து −80 டிகிரியில் வைக்கவும். உறைதலும் உருகுதலும் மாறி மாறி வந்தால் செயல் குறையும். நீர்த்த கரைசல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், 0.1 சதவீத மாட்டு அல்புமின் அதைத் தடுக்கும். ஆனால் பிணைப்பை அளக்கும் எலைசா சோதனைத் தட்டில் ஏற்பியைப் பூசும்போது அதே அல்புமின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்போது தவிர்க்கவும்.

பிணைப்புச் சோதனையை அதிகம் கெடுப்பது இடிடிஏ என்ற வேதிப்பொருள். அது கால்சியத்தைப் பறித்துவிடும். எல்டிஎல்லைப் பிரிக்கும் பிளாஸ்மாவிலேயே அது இருப்பது வழக்கம் என்பதால், எல்டிஎல்லை முதலில் டயாலிசிஸ் செய்து, அதாவது நுண்துளைச் சவ்வுப் பையில் வைத்து, இடிடிஏவை நீக்க வேண்டும். பிஎச் 7.4 டிரிஸ் அல்லது ஹெப்பிஸ் கரைசலில் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்க்கவும். பாஸ்பேட் கரைசலில் கால்சியம் வீழ்படிவாகக்கூடும். டிடிடி (டைதயோத்ரெய்டால்) போன்ற வேதிப்பொருள்கள் டைசல்பைடுகளை உடைக்கும். சோதனையில் சேர்க்கவே கூடாது.

புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் புதியவர்களுக்குப் பயம் வரும். செல்லிலிருந்து எடுத்த முழு ஏற்பி டைசல்பைடு உடைந்த நிலையில் 160 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகிலும், உடையாத நிலையில் 130 அருகிலும் நிற்கும். செல்வெளித் துண்டும் சர்க்கரையால், வரிசையைக் கொண்டு கணக்கிட்ட எடையைவிட மேலே தெரியும். புரதம் கெட்டுவிட்டது என்று குப்பியைத் தூக்கி எறியக் கூடாது.